வானேறிய வள்ளல்

காரைக்குடி வட்டாரத்தில் ஏப்ரல் மாதத்தின் முதல் வாரம் வள்ளல் அழகப்பச் செட்டியாரை நினைவுகூரும் வாரமாகும். 1909 ஏப்ரல் 6 அன்று பிறந்த அவர், 1957 ஏப்ரல் 5 அன்று மறைந்தார். நாற்பத்தெட்டாம் அகவை நிறைவதற்கு ஒரு நாளே எஞ்சியிருந்தது. குறுகிய அந்த வாழ்வுக்குள் அவர் எழுப்பிய கல்வி நிறுவனங்களைப் பற்றித் தமிழகம் நிரம்பப் பேசியிருக்கிறது. ஆனால் அவர் முறையாகப் பயிற்சி பெற்ற விமானி என்பதும், காப்பீட்டுத் தொழில் நடத்தியவர் என்பதும், விமான நிறுவனத்தின் உரிமையாளராக இருந்தவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இம்மூன்றும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தது இன்று நமக்கு ஒன்றை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பைத் தருகிறது. விமானியாக வேண்டும் என்ற கனவோடு தென்மாவட்டங்களின் பிள்ளைகள் பயிற்சிப் பள்ளிகளை நாடும் காலம் இது. நிலத்தை அடகு வைத்தும் வங்கிக் கடன் பெற்றும் பெற்றோர் அனுப்பி வைக்கிறார்கள். பயிற்சிக் கட்டணத்தை விசாரிப்பவர்கள், பறக்கும்போது விபத்து நேர்ந்தால் எந்தக் காப்பீடு கைகொடுக்கும் என்று விசாரிப்பது அரிது. அழகப்பரின் வாழ்வை அந்தக் கேள்வியோடு சேர்த்துப் பார்ப்பது பொருத்தமாகும்.

காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தார் அழகப்பர். அன்றைய செட்டிநாட்டுச் சிறுவனின் பாதை பெரும்பாலும் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, பேரேடு எழுதவும் ஐந்தொகை போடவும் கற்று, மூன்றாண்டுக் கணக்கில் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ இலங்கைக்கோ கப்பலேறுவதே அந்தப் பாதை. அழகப்பர் கல்வியின் வழியைத் தேர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது இருபத்தொன்று. அச்சமூகத்தில் முதன்முதலாக முதுகலைப் பட்டம் பெற்றவராக அவர் கருதப்படுகிறார்.

அடுத்து லண்டன் சென்றார். அங்கே சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சி பெற்றார். சட்டம் பயின்று பாரிஸ்டரானார். இவற்றோடு நில்லாமல் குரோய்டன் விமான நிலையத்தில் விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழும் பெற்றார். வங்கியும் சட்டமும் எதிர்காலத் தொழிலுக்காக எனலாம். விமானம் அவர் விரும்பி ஏற்றுக்கொண்ட துணிவு.

குரோய்டன் அன்று லண்டன் மாநகரின் முதன்மை விமான நிலையம். ஏமி ஜான்சன் என்ற இளம்பெண் 1930 மே மாதம் தன்னந்தனியே ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது அங்கிருந்துதான். அதற்கு ஓராண்டு முன்பு, 1929 பிப்ரவரியில், இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை ஜே.ஆர்.டி. டாட்டா பெற்றிருந்தார். 1930-இல் சென்னையில் பறக்கும் கழகம் தோன்றியது. 1932 அக்டோபரில் டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் மூட்டைகளுடன் பறந்தார். அங்கிருந்து அந்த அஞ்சல் நெவில் வின்சென்ட் ஓட்டிய விமானத்தில் சென்னை வந்து சேர்ந்தது. இந்திய வான்வழியின் விடியல் காலம் அது. அக்காலத்தில் வானேறிய மிகச் சில இந்தியர்களுள் கோட்டையூர்க்காரர் ஒருவரும் இருந்தார் என்பது பெருமைக்குரியது.

அன்றைய பயிற்சி விமானம் மரச்சட்டமும் துணியும் கொண்டு கட்டப்பட்டது. திறந்த இருக்கையில் அமர்ந்து காற்றை முகத்தில் வாங்கியபடி ஓட்ட வேண்டும். அத்தகைய துணிச்சலுக்குக் காப்பீடு கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டாளர்கள் 1911-இல் விமானக் காப்பீட்டைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே மோசமான வானிலையால் விமானங்கள் நொறுங்க, நட்டம் தாளாமல் கைவிட்டார்கள். விமானக் காப்பீட்டுக்கென்றே பிரிட்டனில் தனி நிறுவனம் அமைந்தது 1931-இல்தான். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களோ விமானம் ஓட்டுவோரை ஒன்று விலக்கி வைத்தன, அல்லது கூடுதல் பிரீமியம் கேட்டன. அழகப்பர் விமானியான காலத்தில், பறப்பவருக்கு நேரும் இழப்பை அவருடைய குடும்பமே சுமப்பதுதான் பொது வழக்கம்.

நாடு திரும்பிய அழகப்பரை உடல்நலக் குறைவு தொடர்ந்து வருத்தியது. வழக்குரைஞர் தொழிலில் நிலைக்காமல் வணிகத்துக்குள் நுழைந்தார். 1937-இல் கொச்சி சமஸ்தானத்தின் புதுக்காட்டில் நூற்பாலை ஒன்றைத் தொடங்கினார். அவ்விடம் இன்றும் அழகப்ப நகர் என்றே அழைக்கப்படுகிறது. கடல்கடந்த நாடுகளில் ரப்பரும் வெள்ளீயமும், கல்கத்தாவில் காப்பீடு, பம்பாயில் பங்குத் தரகு, சென்னையில் திரையரங்கு என அவருடைய தொழில்கள் கிளை பரப்பின. ஒன்றில் இழப்பு வந்தால் மற்றொன்று தாங்கும் என்ற அமைப்பு அதில் இருந்தது. இழப்பைப் பல தோள்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதுதானே காப்பீட்டின் அடிப்படையும்!

செட்டிநாட்டுக்கு இந்தக் கருத்து புதிதன்று. நகரத்தார் வணிகத்தில் மகமை என்றொரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வரவிலும் சிறு பங்கை ஒதுக்கிப் பொதுக் காரியத்துக்கும் கோயிலுக்கும் சேர்ப்பது அது. கொடுப்பவருக்குச் சுமை தெரியாது. சேரும் தொகையோ பெரிதாக நிற்கும். காப்பீடும் அதே கணக்கில் இயங்குகிறது. ஆயிரம் பேர் கொடுக்கும் சிறு தொகை, ஒருவருக்கு நேரும் பேரிழப்பை ஈடுசெய்கிறது. இம்மண்ணின் மற்றொரு மைந்தர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியையும், 1938-இல் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்தையும் நிறுவியதை இம்மரபின் தொடர்ச்சியாகவே கொள்ளலாம்.

காப்பீட்டின் எல்லை எதுவென்பதையும் செட்டிநாடு பட்டறிந்தது. 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நகரத்தார் கைவசம் இருந்தது. கடனைத் திருப்ப இயலாத குடியானவர்களின் நிலங்கள் அவர்களிடம் வந்து சேர்ந்த கதை அது. பர்மியர்களின் மனக்கசப்பையும் அது வளர்த்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. கணக்குப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு மக்கள் கால்நடையாகத் திரும்பினார்கள். அக்காலத் தீக்காப்பீட்டுப் பத்திரங்களில் போரால் விளையும் சேதத்தை விலக்கி வைப்பது வழக்கம். பத்திரம் இருந்தும் பயனில்லை என்ற நிலைமை எப்படி வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. காப்பீட்டில் தரப்படும் வாக்குறுதியைப் போலவே, அதிலிருந்து விலக்கப்படுவதும் ஒரு குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் படைகள் விட்டுச்சென்ற டக்கோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. இந்தியாவில் பல விமான நிறுவனங்கள் முளைத்தன. விமானியான அழகப்பர் அந்தத் துறையில் இறங்கியதில் வியப்பில்லை. ஜூபிடர் ஏர்வேஸ் என்பது அவருடைய நிறுவனம். சென்னையை வடநாட்டோடு வான்வழி இணைப்பது அதன் நோக்கம். ஆனால் பயணிகளின் எண்ணிக்கையைவிட நிறுவனங்களின் எண்ணிக்கை வேகமாகப் பெருகிய காலம் அது. ஜூபிடர் நீடிக்கவில்லை. எஞ்சிய நிறுவனங்களை 1953-இல் நடுவணரசு நாட்டுடைமையாக்கியது. 1956-இல் ஆயுள் காப்பீட்டுத் தொழிலும் நாட்டுடைமையாகி எல்.ஐ.சி. பிறந்தது. அழகப்பர் கைவைத்த இரண்டு தொழில்கள் அவருடைய வாழ்நாளிலேயே அரசின் வசமாயின.

இழப்புகள் அவருடைய கொடையைச் சுருக்கவில்லை. கிண்டியில் 1944-இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிக்காக அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து இலட்சம் ரூபாய் கொடுத்தார். 1947 ஜூலையில் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், ஊர்ப்புறங்களில் கல்லூரிகள் தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் வேண்டினார். அழகப்பர் அந்த அரங்கிலேயே இசைவு தெரிவித்தார். ஆகஸ்ட் 11 அன்று, நாடு விடுதலை பெறுவதற்கு நான்கு நாள் முன்பாக, காரைக்குடியில் அவருடைய கலைக்கல்லூரி வகுப்புகளைத் தொடங்கிவிட்டது. மைய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருவதற்காக முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25 அன்று ஜவாஹர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 1952-இல் பொறியியல் கல்லூரி வந்தது. பெண்களின் கல்விக்காகத் தாம் குடியிருந்த வீட்டையே கொடுத்தார். பிரிட்டிஷ் அரசு அளித்த சர் பட்டத்தை, நாடு விடுதலை பெற்றதை ஒட்டித் துறந்தார். 1985-இல் தோன்றிய அழகப்பா பல்கலைக்கழகம் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

தமக்கென எதையும் ஒதுக்கி வைக்காத இந்த மனிதர் பிறர் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு ஏற்பாடு செய்து வைத்தார். அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று வானத்தைப் பார்க்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று செட்டிநாட்டில் இன்னும் எஞ்சியிருக்கிறது. அதைப் புதுப்பிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் அவ்வப்போது எழுகிறது. எனவே, பறக்கக் கற்பவரின் காப்பீடு பற்றித் தெளிவாகப் பேசுவது தேவையாகிறது.

விமானப் பயணிக்குச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. 1929-இல் வார்சாவில் உருவான பன்னாட்டு ஒப்பந்தம், பயணிக்கு நேரும் உயிரிழப்புக்கு விமான நிறுவனம் பொறுப்பு என்று வகுத்தது. மேலே குறிப்பிட்ட சிதம்பரம் செட்டியார் 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூரின் காலாங் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் உயிரிழந்தார். விமானத்தில் இருந்த பயணிகள் 31 பேரும் மாண்டனர். காப்பீட்டு நிறுவனத்தை நிறுவியவரே விமான விபத்தில் மறைந்தது பெருந்துயரம். ஆயினும் பயணி என்ற முறையில் அவருடைய குடும்பத்துக்குச் சட்டத்தில் ஓர் இடம் இருந்தது. 1999-இல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தத்தை 2009-இல் இந்தியா ஏற்றபின் அந்த உரிமை மேலும் வலுப்பெற்றிருக்கிறது.

பயிற்சி பெறும் விமானிக்கு அந்த இடம் இல்லை. அவர் கட்டணம் செலுத்திப் பறக்கிறார். ஆனால் சட்டத்தின் பார்வையில் விமான நிறுவனத்தின் பயணி அல்லர். விமானத்தை இயக்குகிறார்; ஆனால் ஊதியம் பெறும் பணியாளரும் அல்லர். ஆகவே, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் நிழலும் அவர்மீது விழுவதில்லை. பயணிக்கும் பணியாளருக்கும் நடுவே, இரண்டிலும் சேராமல் நிற்கிறார். ஒப்பந்தத்தின் வழியே அவர் தேடிக்கொள்ளும் பாதுகாப்பே அவருக்கு உண்மையான பாதுகாப்பு.

பயிற்சிப் பள்ளியின் விமானங்களுக்குக் காப்பீடு உண்டென்று கேட்டதும் பல பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள். அந்தக் காப்பீடு எதற்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். விமானத்தின் உடற்பகுதிக்கு நேரும் சேதத்துக்கு ஒரு காப்பீடு. தரையிலுள்ள மக்களுக்கும் அவர்களுடைய உடைமைக்கும் நேரும் சேதத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு. இவை இரண்டும் பள்ளியின் சொத்தையும் பொறுப்பையும் காப்பவை. விமானத்தில் அமர்ந்திருக்கும் மாணவருக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா, எவ்வளவு தொகைக்கு, பயிற்றுநர் உடன் இல்லாமல் தனியே பறக்கும்போதும் அது செல்லுமா என்பன தனிக் கேள்விகள். விடையை எழுத்தில் பெறுவது நல்லது.

இன்னொரு கேள்வியும் உண்டு. மாணவரின் தவறால் விமானம் சேதமடைந்தால், பள்ளிக்கு இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனம் அத்தொகையை மாணவரிடமிருந்து திரும்பக் கோரலாமா? இழப்பீடு கொடுத்தவர், இழப்புக்குக் காரணமானவரைத் தொடர்வது காப்பீட்டுச் சட்டத்தில் ஏற்கப்பட்ட உரிமை. பாலிசியில் மாணவரின் பெயரும் காப்பு பெறுவோராகச் சேர்க்கப்பட்டிருந்தாலோ, அந்த உரிமையைக் கைவிடுவதாகக் காப்பீட்டு நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்தாலோ அச்சமில்லை. இழப்பின் முதல் பகுதியைக் காப்பு பெற்றவரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும். அதை மாணவர் தலையில் சுமத்தும் விதி சேர்க்கைப் படிவத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே உள்ள பாலிசிகளை நம்பி இருப்பதும் ஆபத்து. நம் நாட்டில் விற்கப்படும் தனிநபர் விபத்துக் காப்பீடுகளில், கட்டணம் செலுத்தும் பயணியாக அன்றி வேறு எந்த முறையில் பறந்தாலும் இழப்பீடு இல்லை என்ற விலக்கு பொதுவாக இடம்பெறுகிறது. ஆயுள் காப்பீட்டோடு இணைத்துத் தரப்படும் விபத்து மரண இணைப்புக்கும் இது பொருந்தும். ஆயுள் காப்பீடு மட்டும் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் முன்மொழிவுப் படிவத்தில் விமானம் ஓட்டுவது பற்றிய கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். பிரீமியம் கூடும் என்று அஞ்சி மறைப்பவர்கள், பின்னர் குடும்பத்தினரை அலைக்கழிக்கிறார்கள். பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குள் உண்மை மறைப்பைக் காட்டி அதைக் கேள்விக்குள்ளாக்க 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு நிறுவனத்துக்கு இடமளிக்கிறது. விமானப் பயிற்சிக் காலம் பெரும்பாலும் அந்த மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே அடங்கிவிடும்.

கல்விக் கடன் வாங்கும் குடும்பங்களுக்கு இதில் கூடுதல் கவலை இருக்கிறது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கான செலவு ஐம்பது இலட்சம் ரூபாயைத் தொடுகிறது, தாண்டவும் செய்கிறது. கடனோடு சேர்த்து ஒரு காப்பீட்டையும் வங்கி விற்கக்கூடும். மாணவர் இறந்தால் அது கடனை அடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. பறக்கும்போது நேரும் மரணம் அதில் விலக்கப்பட்டிருந்தால், பிள்ளையை இழந்த பெற்றோர் கடனையும் சுமக்க நேரும். கையெழுத்திடும் முன்பு அந்த ஒரு விதியைத் தேடிப் படிப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். மருத்துவத் தகுதி இழந்து உரிமம் பறிபோகும் விமானிகளுக்கென்று உரிம இழப்புக் காப்பீடு ஒன்று உண்டு. பயிற்சி முடித்துப் பணியில் சேர்பவர்கள் அதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

பொழுதுபோக்காகப் பறப்பவர்களின் நிலை சற்று வேறுபட்டது. பதினேழு வயது நிறைந்தவர் 40 மணி நேரப் பயிற்சியோடு தனியார் விமானி உரிமம் பெறலாம். அந்த உரிமத்தைக் கொண்டு கூலிக்குப் பறக்க இயலாது. நண்பரை ஏற்றிச் சென்று பணம் வாங்கினால் உரிம விதி மீறப்படுவதோடு காப்பீடும் செல்லாமல் போகக்கூடும். விமானத்தை ஓட்டக்கூடியவர் யார், அவருக்கு எத்தனை மணி நேர அனுபவம் இருக்க வேண்டும் என்று பாலிசியில் வரையறுக்கப்பட்டிருக்கும். உரிமமோ மருத்துவச் சான்றோ காலாவதியான நாளில் பறந்தால், பிரீமியம் முழுவதும் செலுத்தியிருந்தாலும் இழப்பீடு கேட்பது கடினம்.

இவற்றையெல்லாம் மாணவரின் விழிப்புணர்வுக்கே விட்டுவிடுவது முறையன்று. பதினேழு, பதினெட்டு வயதில் சேரும் மாணவர் பல பக்கப் பாலிசியைப் படித்துப் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்க்க இயலாது. சாலையில் ஓடும் இருசக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ள நாடு இது. ஒவ்வொரு பயிற்சி மாணவருக்கும் தனியே பறக்கும் நேரத்தையும் உள்ளடக்கிய குறைந்தபட்ச விபத்துக் காப்பீட்டைப் பயிற்சிக் கட்டணத்துக்குள்ளேயே சேர்க்குமாறு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு விதிக்கலாம். பாலிசியின் சாரத்தை ஒரு பக்கத்தில், தாய்மொழியில் அச்சிட்டுச் சேர்க்கையின்போதே வழங்கச் செய்யலாம். மொத்தக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு சிறியதாகவே இருக்கும். ஒவ்வொரு மாணவரும் செலுத்தும் மகமை அது.

அழகப்பர் பறக்கக் கற்றபோது அவருக்குப் பின்னால் செல்வம் மிக்க குடும்பம் இருந்தது. தம்மைப் போன்ற வசதி இல்லாத பிள்ளைகளும் உயர வேண்டும் என்பதற்காகவே பின்னர் அவர் தம் செல்வத்தைக் கொடுத்தார். அவர் எழுப்பிய வகுப்பறைகளில் படித்து வானேற முனையும் தலைமுறைக்குப் பின்னால் இருப்பது பெற்றோரின் நிலமும் வங்கிக் கடனும் மட்டுமே. அந்தக் குடும்பங்கள் ஒரு விபத்தில் நிலைகுலையாதபடி காப்பது அரசின் கடமை. பயிற்சிப் பள்ளிகளின் கடமையும் கூட.